அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போங்க



பள்ளிக்கூடத்துக்கு முழுப்பரீட்சை லீவு விட்டாச்சுன்னா எங்க ஊர்ல இருந்து ரெண்டு மூணு சின்ன யானை வண்டி சாமான் ஏத்திக்கிட்டுக் கிளம்பிரும். பீரோ, கிரைண்டர், கட்டில், மேல ஒரு சைக்கிள். ஒட்டன்சத்திரத்துல இருந்து தாராபுரம் வழியா திருப்பூருக்குப் போற வண்டிங்க. பனியன் கம்பெனி வேலை. இருபத்தஞ்சு வருசமா இதைப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

போகாதீங்கன்னு நான் யாரையும் சொன்னதில்லை. மூணு ஏக்கர் மானாவாரியை வச்சுக்கிட்டு, மழை வந்தா சோளம், வராட்டி தட்டைன்னு இருக்கறவன் நான். ரெண்டு பையன் இருக்கற வீட்ல ரெண்டு பேருக்கும் இந்த மண்ணு சோறு போடாதுன்னு எனக்குத் தெரியும். போறவங்க போகத்தான் வேணும். எங்க போய்க் குடியிருக்கறாங்க, அதை யாரு முடிவு பண்றாங்க, அதுலதான் எனக்கு ஒரு கருத்து இருக்கு. ரொம்ப நாளா மனசுல கிடக்குது, எழுதிப்புடறேன்.

எங்க ஊர்ல வழக்கம் எப்படின்னா, ஆம்பள முதல்ல போயி வேலைக்குச் சேருவான். கூட்டாளிக ரூம்ல ஒரு மாசம் ரெண்டு மாசம் இருப்பான். அப்புறம் அவனே ஒரு வீடு பாத்து அட்வான்ஸ் கொடுத்துட்டு, "வீடு பாத்தாச்சு, சாமானைக் கட்டு"ன்னு போன் பண்ணுவான். அவன் பாக்கறது மூணே விசயம். கம்பெனி எவ்வளவு கிட்ட இருக்கு, வாடகை எவ்வளவு, பக்கத்துல நம்ம ஆளுக இருக்காங்களா. பொண்டாட்டி அந்த வீட்டை முதல் தடவை பாக்கறதே சாமான் இறக்கற அன்னைக்குத்தான்.

இது தப்பான வழக்கம்ங்கறது என் கருத்து. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. பனியன் கம்பெனியில ஒண்ணரை ஷிப்டுன்னா காலையில எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய வர முடியும். ஆர்டர் அவசரம்னா அதுக்கு மேலயும் ஆகும். வாரத்துல ஆறு நாள் இப்படி. அவன் அந்த வீட்டுக்கு வர்றது திங்கவும் தூங்கவும்தான். அந்தத் தெருவை அவன் வெளிச்சத்துல பாக்கறதே ஞாயித்துக்கிழமைதான். பகல் முழுக்க அங்க இருக்கப் போறது அந்தப் பொம்பளையும் பிள்ளைகளும். இருக்கப் போறவளைக் கேக்காம, தூங்க வர்றவன் இடத்தைத் தேர்வு பண்றான். நாளைக்கு நாலு பேர் "குடும்பத்தோட இருக்கத் தோதுப்படலை"ன்னு திரும்பி வர்றதுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்னு நான் சொல்வேன்.

எங்க தெருவுல இருந்து ஒரே வருசம் ரெண்டு குடும்பம் போச்சு. பேர் வேண்டாம், ரெண்டும் எனக்கு உறவுமுறைதான். முதல் குடும்பம் கம்பெனி வாசல்ல இருந்து ரெண்டு நிமிச நடையில ஒரு லைன் வீட்டுக்குப் போனாங்க. எட்டு வீடு, ரெண்டு கக்கூஸ். சுத்தி எல்லாமே குடோனும் கம்பெனியும்தான். பகல்ல அந்தச் சந்துல மனுச நடமாட்டமே இருக்காது, லாரிதான் வரும். பள்ளிக்கூடம் மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம். ரெண்டாவது படிக்கிற பிள்ளையை அந்த ரோட்டைத் தாண்டித் தனியா விட முடியுமா? அந்தப் பொண்ணு காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கூட்டிட்டுப் போயிக் கூட்டிட்டு வரணும். அதனால அவ வேலைக்குப் போக முடியலை. ஒத்தைச் சம்பளத்துல வாடகையும் கட்டி ஒண்ணும் மிஞ்சலை. பதினொரு மாசத்துல அவளும் பிள்ளைகளும் ஊருக்கே வந்துட்டாங்க. அவன் இப்ப மறுபடி கூட்டாளிக ரூம்ல இருக்கான். பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா சனிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு ராத்திரி பஸ் பிடிச்சு வர்றான். சின்னப் பிள்ளை அவனைப் பாத்தா முதல்ல ஆத்தா முந்தானைக்குப் பின்னாடி ஒளியுது.

இன்னொரு குடும்பத்துல அந்தப் பொண்ணு விவரமானவ. "நான் பாக்காம அட்வான்ஸ் கொடுக்காதே"ன்னு சொல்லிட்டா. ரெண்டு நாள் வந்து அலைஞ்சு, கம்பெனியில இருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய கிராமத்துல வீடு பிடிச்சாங்க. டவுனு வளந்து வந்து சேந்துக்கிட்ட ஊரு அது. ஒரு மாரியம்மன் கோயில், வேப்பமரம், அரசு தொடக்கப் பள்ளி, ரேசன் கடை, மாடு வச்சிருக்கற ரெண்டு வீடு. வாடகை மாசம் எண்ணூறு ரூபா கூடுதல், அவன் வண்டிக்குப் பெட்ரோல் வேற. அப்பவே ஊர்ல எல்லாரும், "கம்பெனிக்குப் பக்கத்துல இருக்கறதை விட்டுட்டு இது என்ன கூத்து"ன்னு பேசுனாங்க. பிள்ளை ஸ்கூல் சேந்த மூணாம் மாசம் அவளும் செக்கிங் வேலைக்குப் போயிட்டா. பள்ளிக்கூடம் விட்டா பிள்ளை பக்கத்து வீட்டுப் பாட்டிகிட்ட இருந்துக்கும். ஆறு வருசம் ஆச்சு, இன்னும் அங்கதான் இருக்காங்க.

எண்ணூறு ரூபா மிச்சம் பண்ணவன் ஒரு சம்பளத்தை இழந்தான், எண்ணூறு ரூபா கூடக் கொடுத்தவனுக்கு ஒரு சம்பளம் கூடுதலா வந்துச்சு.

நம்ம காடு வாங்கறப்ப என்னென்ன பாப்போம்? மண்ணை மட்டும் பாத்து யாராவது வாங்குவோமா? தண்ணி எங்க இருந்து வருது, மழை பெஞ்சா எங்க வடியுது, வண்டிப் பாதை இருக்கா, வரப்புக்காரன் எப்படிப்பட்டவன், எல்லாம் விசாரிச்சுட்டுத்தான் முன்பணம் கொடுப்போம். ஒரு கறவை மாடு வாங்கணும்னாக் கூட ரெண்டு நேரம் கறந்து பாப்போம். அதே மாதிரி குடும்பத்தைக் கொண்டு போய் வைக்கிற இடத்தையும் பாக்கணும்.

என்னென்ன பாக்கணும்னு எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல தண்ணி. திருப்பூர்ப் பக்கம் நல்ல தண்ணி தினமும் வராது. சில இடத்துல வாரத்துக்கு ஒருக்கா, சில இடத்துல அதுக்கு மேலயும் ஆகும். புழங்கறதுக்கு போர்த் தண்ணி, அது உப்பு. நொய்யல் ஓரத்துல சாயத் தண்ணி இறங்கி நிலத்தடி நீர் கெட்டுப்போன கதை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளையெல்லாம் மூடச் சொன்னதே அதனாலதான். "தண்ணி வசதி உண்டா"ன்னு வீட்டுக்காரரைக் கேட்டா "உண்டு"ன்னுதான் சொல்வாரு. அங்க குடியிருக்கற பொம்பளைககிட்ட கேக்கணும்: நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா வருது, எத்தனை மணிக்கு வருது, ஒரு வீட்டுக்கு எத்தனை குடம்? ராத்திரி ரெண்டு மணிக்கு வந்தா யாரு எந்திரிச்சுப் பிடிக்கிறது? ஆம்பளைக்கு இந்தக் கேள்வியே தோணாது.

தண்ணி வர்றதைப் பாக்கற மாதிரி வடியறதையும் பாக்கணும். வாடகை கம்மியா இருக்கற இடம் பல ஊர்ல ஓடைக்கரையாத்தான் இருக்கும். வெயில் காலத்துல பாத்தா அது ஓடைன்னே தெரியாது, குப்பை மேடு மாதிரி கிடக்கும். 2011 நவம்பர்ல பெஞ்ச மழையில திருப்பூர்ல பள்ளத்து ஓரமா இருந்த வீடுகளை வெள்ளம் அடிச்சுட்டுப் போச்சு, உயிரும் போச்சு. பிழைக்கப் போன சனங்கதான் அந்த இடத்துல குடியிருந்தாங்க. நம்ம சம்சாரிக. ஒரு இடத்தைப் பாத்தா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்னு நமக்குத் தெரியும். அந்த அறிவை டவுனுக்குப் போனதும் கழட்டி வச்சுரக் கூடாது.

ரெண்டாவது பள்ளிக்கூடம். பிள்ளை பெரிய ரோட்டைத் தாண்டாம நடந்து போற தூரத்துல இருக்கணும். கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்துச்சு. அதுல அஞ்சாவது வரைக்கும் ஒரு கிலோமீட்டருக்குள்ளயும், எட்டாவது வரைக்கும் மூணு கிலோமீட்டருக்குள்ளயும் பள்ளி இருக்கணும்னு விதி இருக்கு. ஆனா கிலோமீட்டருக்குள்ள இருந்தாலும் நடுவுல லாரி ரோடு இருந்தா பிரயோசனம் இல்லை. இன்னொன்னு, அரசு தொடக்கப் பள்ளியில இப்ப காலைச் சாப்பாடு போடறாங்க. 2023 ஆகஸ்ட்ல இருந்து எல்லா அரசு தொடக்கப் பள்ளிக்கும் வந்துருச்சு. எட்டரைக்கு வேலைக்குப் போகணும்ங்கற தாய்க்கு இது எவ்வளவு பெரிய ஒத்தாசைன்னு யோசிச்சுப் பாருங்க. இங்கிலீஷ் மீடியம் போர்டைப் பாத்து ஆட்டோவுல அனுப்பற பள்ளியை விட, நடந்து போயி, சாப்பாடும் கிடைக்கிற பள்ளி பிழைக்கப் போற குடும்பத்துக்கு நல்லதுன்னு நான் நினைக்கிறேன். இதுல என்கூடச் சண்டை போடறவங்க இருக்காங்க, போடட்டும்.

லீவுல மாறிப் போனா பிள்ளைக்கு வருசம் வீணாகாது. நடு வருசத்துல போக வேண்டி வந்தாலும், டி.சி. வரலைன்னு அரசுப் பள்ளியில சேக்க மாட்டேன்னு சொல்லக் கூடாதுன்னு அதே சட்டம் சொல்லுது. இது தெரியாம ரெண்டு மாசம், மூணு மாசம் பிள்ளைகளை வீட்ல வச்சிருந்தவங்க உண்டு. அப்படி நின்ன பிள்ளைகள்ல சிலது திரும்பப் பள்ளிக்கூடமே போகாம கம்பெனியில கைமடிக்கிற வேலைக்குப் போயிருச்சு. இதைத்தான் நான் பயப்படறது.

மூணாவது, பகல்ல அந்தத் தெருவுல யாரு இருக்காங்க. எனக்கு இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். நம்ம ஊர்ல பிள்ளையை வாசல்ல விட்டுட்டுக் காட்டுக்குப் போறோமே, எந்தத் தைரியத்துல? திண்ணையில ஒரு கிழவி உக்காந்திருக்கும். "ஏலே, கிணத்துப் பக்கம் போகாதே"ன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் போற இடத்துல இருக்கணும். எல்லாருமே வேலைக்குப் போற குடும்பமா இருக்கற லைன் வீட்ல, காலையில ஒன்பது மணிக்கு எட்டு வீடும் பூட்டிக் கிடக்கும். காய்ச்சலா இருக்கற பொம்பளையோ, பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளையோ மட்டும் அங்க இருந்தா என்ன ஆகும்? வயசானவங்க இருக்கற தெரு, மாடு கன்னு இருக்கற தெரு, பெட்டிக்கடை திறந்திருக்கற தெரு, அங்கன்வாடி இருக்கற தெரு, இப்படிப் பாத்துப் போங்க. அங்கன்வாடி இருந்தா சின்னதுக்குத் தடுப்பூசி, சத்து மாவு பத்தி யாரையும் தேடி அலைய வேண்டியதில்லை.

நாலாவது, டவுன் பஸ்ஸு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸுல பொம்பளைகளுக்கு 2021 மே மாசத்துல இருந்து டிக்கெட் கிடையாது. அந்தப் பஸ்ஸு நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல வீடு இருந்தா, புருசனை எதிர்பாக்காம ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போயிட்டு வந்துரலாம். கம்பெனிக்குக் கிட்ட இருக்கற வீடு அவனுக்கு மட்டும் கிட்ட, பஸ் ஸ்டாப்புக்குக் கிட்ட இருக்கற வீடு குடும்பத்துக்கே கிட்ட.

அஞ்சாவது, வீட்டுக்காரர். அட்வான்சு பத்து மாச வாடகை கேக்கறவங்க இருக்காங்க. 2017-ல போட்டு 2019 பிப்ரவரியில நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்துல, வேற மாதிரி ஒப்பந்தம் எழுதிக்கிட்டா ஒழிய மூணு மாச வாடகைக்கு மேல அட்வான்ஸ் வாங்கக் கூடாதுன்னு இருக்கு. தண்ணியையும் கரண்டையும் நிறுத்தக் கூடாதுன்னும் இருக்கு. சட்டத்தைக் காட்டிப் பேசுனா வீடு கிடைக்காதுன்னு சொல்வாங்க, அதுவும் வாஸ்தவம்தான். ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் பேசறவனுக்கும் தெரியாமத் தலையாட்டறவனுக்கும் வித்தியாசம் இருக்கு. கரண்டு யூனிட்டுக்கு எவ்வளவு, சொந்தக்காரங்க வந்தா தண்ணிக்குத் தனிக் காசா, பிள்ளை சுவத்துல கிறுக்குனா அட்வான்ஸ்ல பிடிப்பாங்களா, இதெல்லாம் பழைய குடித்தனக்காரங்களைக் கேட்டாச் சொல்லிருவாங்க.

இனி இந்த "நம்ம ஆளுக" விசயம். சொந்தக்காரங்க பக்கத்துல இருக்கறது முதல் ரெண்டு மாசத்துக்கு நல்லது. கடை எங்க, ஆஸ்பத்திரி எங்கன்னு காட்டுவாங்க. அதுக்காக, மத்த எதையும் பாக்காம சாதிக்காரன் இருக்கற சந்துலயே போய் விழறது புத்திசாலித்தனம் இல்லை. ஊர்ல இருக்கற பங்காளிச் சண்டையும் கூடவே வரும். அதை விடக் கொடுமை, வீடு கேக்கப் போனா "நீங்க என்ன ஆளுக"ன்னு முதல் கேள்வி கேக்கற வீட்டுக்காரங்க. நம்ம ஊர்க் காலனிப் பிள்ளைக நல்ல வேலையில இருந்தும் அந்தக் கேள்வியாலயே நல்ல தெருவுல வீடு கிடைக்காம ஓடைக்கரைக்குத் தள்ளப்படறாங்க. நல்ல இடத்தைத் தேர்வு பண்ணுங்கன்னு நான் சொல்றேன், அவங்களுக்குத் தேர்வே இல்லாமப் பண்ணிட்டா என்ன சொல்றது? ஏற்கனவே அங்க குடியேறி நல்லா இருக்கற நம்ம ஊர்க்காரங்க, யாரா இருந்தாலும் அந்தப் பிள்ளைகளுக்காக வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்க. ஒரே ஊர்க்காரன்ங்கறதுக்கு அதுகூட இல்லேன்னா அப்புறம் என்ன இருக்கு?

வடக்க இருந்து வந்த பீகார், ஒடிசா சனங்க இருக்கற தெருன்னா வேண்டாம்ங்கறாங்க சிலர். அவங்களும் நம்மள மாதிரி காடு காஞ்சு வந்தவங்கதான். ஒரே ரூம்ல பத்துப் பையங்க தங்கி, ராத்திரி பகல் ஷிப்டு மாறி மாறிப் போற இடத்துல, அது எந்த ஊர்க்காரனா இருந்தாலும், குடும்பத்துக்குத் தோதுப்படாது. குடும்பமா இருக்கற தெருவுல இந்திக்காரப் பொம்பளையும் நம்ம பொம்பளையும் ஒருத்தர் பிள்ளையை ஒருத்தர் பாத்துக்கறாங்க. பாசை ஒரு மாசத்துல வந்துருது.

ரேசன் கார்டை நினைச்சுப் பயப்படறவங்களுக்கு ஒண்ணு. 2020 அக்டோபர்ல இருந்து நம்ம கார்டை வச்சு தமிழ்நாட்டுல எந்தக் கடையிலயும் அரிசி வாங்கலாம். கை ரேகை வச்சாப் போதும். அதனால ஊர்க் கார்டுக்காக மாசா மாசம் பஸ் ஏறி வர வேண்டியதில்லை. மாசமா இருக்கற பொண்ணுகளைக் கூட்டிட்டுப் போறவங்க, ஊர்ல நர்சம்மாகிட்ட பதிஞ்ச பிக்மி நம்பரை மறக்காம எடுத்துட்டுப் போயி, அங்க இருக்கற நகர்ப்புற சுகாதார நிலையத்துல காட்டுங்க.

சரி, எப்படிப் போய்ப் பாக்கறது? ஞாயித்துக்கிழமை போகாதீங்க. அன்னைக்கு எல்லாரும் வீட்ல இருப்பாங்க, தெருவே திருவிழா மாதிரி இருக்கும், ஏமாந்துருவோம். ஒரு புதன்கிழமை போங்க. காலையில பதினொரு மணிக்கு ஒரு நடை நடந்து பாருங்க, தெரு எப்படி இருக்குன்னு தெரியும். பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு வாசல்ல நில்லுங்க, பிள்ளைக எப்படி வீட்டுக்குப் போகுதுன்னு பாருங்க. இருட்டுனதுக்கப்புறம் ஏழரை மணிக்கு இன்னொரு நடை. டாஸ்மாக் எந்தத் திருப்பத்துல இருக்கு, தெரு லைட்டு எரியுதா, வேலை முடிஞ்சு வர்ற பொம்பளைப் பிள்ளைக பயமில்லாமத் தனியா நடந்து வருதுகளா, எல்லாம் அப்பத்தான் தெரியும். அங்க குடியிருக்கற பொம்பளைக மூணு பேர்கிட்ட உங்க வீட்ல இருக்கறவங்க தனியாப் பேசட்டும். நீங்க டீக்கடைக்குப் போயிருங்க. ஆம்பள நிக்கற இடத்துல கக்கூஸைப் பத்தியும் குடிகாரனைப் பத்தியும் அவங்க மனசு விட்டுப் பேச மாட்டாங்க.

"ரெண்டு பேர் பஸ் செலவு, ஒரு நாள் கூலி போகுமே"ன்னு கேப்பீங்க. சாமானை ஏத்தி இறக்க வண்டி வாடகை எவ்வளவு கொடுக்கறீங்க? அதைத் திருப்பி ஏத்திட்டு வர இன்னொரு தடவை கொடுக்கணும், அட்வான்ஸ்லயும் பெயிண்டு அடிக்கணும்னு பிடிச்சுக்குவாங்க. அதுக்கு முன்னாடி இந்த பஸ் காசு பெருசா? "கிடைச்ச வீட்டுக்குத்தான் போக முடியும், தேர்ந்தெடுக்கற வசதி நமக்கு ஏது"ன்னு கேக்கறதுலயும் நியாயம் இருக்கு. அவசரப்பட்டாத்தான் கிடைச்ச வீடு. ரெண்டு மாசம் ரூம்லயே இருந்துக்கிட்டு, வாரத்துக்கு ஒரு இடம் விசாரிச்சா நல்லது ஒண்ணு தட்டுப்படும்.

கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. கல்யாணம் ஆகாத பொண்ணுகளுக்கு ஹாஸ்டல் கட்டறீங்க, கிராமத்துக்கே வேன் அனுப்பறீங்க, சந்தோசம். பொம்பளைக அதிகம் வேலை செய்யற தொழிற்சாலையில குழந்தைகளைப் பாத்துக்க இடம் வேணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டத்துலயே எழுதியிருந்துச்சு. அதைப் பேருக்கு ஒரு ரூமும் ரெண்டு தொட்டிலுமா வைக்காம ஒழுங்கா நடத்துனா, ஆள் கிடைக்கலைன்னு புலம்ப வேண்டியதில்லை. ஆள் இருக்கு, பிள்ளையை விட்டுட்டு வர இடம்தான் இல்லை.

வீட்டைத் தேடிப் பிடிக்கற வேலை ஆம்பளைதாக இருக்கட்டும். வேண்டாம்னு சொல்ற அதிகாரம் பொண்டாட்டிகிட்ட இருக்கணும். அவ வேண்டாம்னா அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. எங்க ஊர்ல இருந்து இந்த லீவுக்கு மூணு குடும்பம் கிளம்பறதாக் கேள்விப்பட்டேன். மூணு பேர்கிட்டயும் இதையேதான் சொல்லப் போறேன். ஒருத்தன் கேட்டாலும் சரி.